பழைய விமானம், புதிய கைவேலை: எட்டு வாரச் செயல்பாடு ஒன்றின் அனுபவம்

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். ஜூன் மாதத்தில் அவனுடைய கணக்கு நோட்டு மற்றவர்களுடையதைப் போலவே தடிமனாக இருந்தது. ஆகஸ்டில் பார்த்தால் பாதியாக இளைத்திருந்தது. விடை தவறாகிவிட்டால் அந்தத் தாளையே கிழித்துவிடுவான். அடித்து எழுதச் சொன்னால், "அசிங்கமா இருக்கும் சார்" என்பான். கணக்கு ஆசிரியை சொல்லிப் பார்த்தார். வகுப்பாசிரியர் என்ற முறையில் நானும் சொன்னேன். தாள்கள் குறைந்துகொண்டேதான் வந்தன.

அந்தச் சமயத்தில்தான் அம்மா வீட்டைக் காலி செய்யும்போது பரண் மீதிருந்து ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. நானும் எட்டாம் வகுப்பு படித்தபோது, கப்பலில் வேலை பார்த்த மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்த பிளாஸ்டிக் விமான மாதிரி அது. பாகங்களை வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். உள்ளே இருந்தது 'ஸ்பிட்ஃபயர்' என்னும் போர் விமானம், 72-இல் ஒரு பங்கு அளவு. அன்று ஆர்வக்கோளாறில் உடலின் இரு பாதிகளையும் ஓர் இறக்கையையும் ஒட்டினேன். பசை வழிந்தது. வழிந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தேன். பிளாஸ்டிக் இளகி, இறக்கையின் அடியில் என் விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. மாமா கேட்டால் என்ன சொல்வது என்று பெட்டியை மூடி ஒளித்து வைத்தவன்தான். முப்பது ஆண்டுகள் கழித்து அதைத் திறந்தபோது, தாளைக் கிழிக்கும் மாணவனைக் கண்டிக்கும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தோன்றியது.

பெட்டியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். அறிவியல் மன்ற நேரத்தில், எட்டு வாரங்களில், பன்னிரண்டு மாணவர்களும் நானும் சேர்ந்து அதைச் செப்பனிட்டோம். அந்த அனுபவத்தை மற்ற ஆசிரியர்களும் தங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

முதல் வாரம்: அளவுகோலும் 72-ம்

பசையையோ கத்தியையோ முதல் வாரத்தில் தொடவே இல்லை. பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர வைத்தோம். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டியிருக்கும். அது போகாவிட்டால் வண்ணம் பிடிக்காது.

உண்மையான ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனையிலிருந்து மறு முனை வரை 11.23 மீட்டர். நீளம் 9.12 மீட்டர். இவற்றைக் கரும்பலகையில் எழுதி, "நம் மாதிரியில் இது எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும்?" என்று கேட்டேன். 1123-ஐ 72-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15.6 வரும். அளந்து பார்த்தபோது 15.5 இருந்தது. "ஒரு மில்லிமீட்டர்தானே சார், விடுங்க" என்றாள் ஒரு மாணவி. "அந்த ஒரு மில்லிமீட்டர் நிஜ விமானத்தில் எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டேன். 72 மில்லிமீட்டர், அதாவது ஏழு சென்டிமீட்டருக்கும் மேல் என்று அவளே கணக்கிட்டாள்.

ஆறாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும் படித்தவர்கள்தான். ஆனால் 72 என்ற எண் கையில் பிடிக்கும் பொருளாக மாறியது அன்றுதான். அடுத்து, பரப்புக்கு 72-ஐ எத்தனை முறை பெருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. நிஜ இறக்கையின் பரப்பு ஏறக்குறைய 22.5 சதுர மீட்டர். அதை 72-ஆல் மட்டும் வகுத்தவர்களுக்கு மாதிரியின் இறக்கை ஒரு சிறிய மேசை விரிப்பின் அளவுக்கு வந்தது. அவர்களே சிரித்துவிட்டார்கள். 72 × 72 = 5184-ஆல் வகுத்தபோது 43 சதுர சென்டிமீட்டர் கிடைத்தது. கட்டம் போட்ட தாளில் இறக்கையை வைத்து வரைந்து, கட்டங்களை எண்ணிச் சரிபார்த்தோம்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: புடைத்த கோடுகள்

விமானத்தின் உடல் பல உலோகத் தகடுகளால் ஆனது. தகடுகள் சேரும் இடங்களில் மெல்லிய இடைவெளி தெரியும். புதிய மாதிரிகளில் இதைக் குழிந்த கோடாக அமைக்கிறார்கள். பழைய மாதிரிகள் பலவற்றில் கோடுகள் புடைத்து நிற்கும். எங்களுடையதும் அப்படித்தான். புடைப்பின் உயரம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 72-ஆல் பெருக்கினால் 7.2 மில்லிமீட்டர். "நிஜ விமானத்தின் மேல் விரல் தடிமனுக்கு வரப்பு கட்டியிருப்பார்களா?" என்று கேட்டதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இங்கே ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொன்னேன். ஸ்பிட்ஃபயரை வடிவமைத்தவர் ஆர். ஜே. மிட்செல். அது முதன்முதலில் பறந்தது 1936 மார்ச் 5 அன்று. அதன் தகடுகளைப் பொருத்தும் ரிவெட்டுகளின் தலை, பரப்போடு பரப்பாக அமுங்கியிருக்க வேண்டுமா, அல்லது சாதாரணக் குமிழ்த் தலையே போதுமா என்ற கேள்வி எழுந்தது. அமுங்கிய ரிவெட்டு அடிக்க நேரமும் செலவும் அதிகம். பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உடைத்த பட்டாணிப் பருப்பை வாங்கி, ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் ஒன்றாக ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 20 மைலுக்கும் மேல் குறைந்தது. பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து, மீண்டும் மீண்டும் பறக்கவிட்டு, எந்த இடத்தில் மழமழப்பு தேவை, எந்த இடத்தில் தேவையில்லை என்று கண்டறிந்தார்கள். மாறியை ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிப்பது என்று நாம் பாடத்தில் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அதுவும் பருப்புச் செலவில்!

வேலை இப்படி நடந்தது. முதலில், புடைத்த கோடுகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டோம். நாணயத்தின் மேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அதே முறை. தேய்த்தபின் கோடு எங்கே இருந்தது என்று தெரியாமல் போய்விடக்கூடாது அல்லவா? அடுத்து, 800 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தோம். ஈரமாகத் தேய்த்தால் தூள் பறந்து மூக்கில் ஏறாது. பிறகு, படி எடுத்த தாளைப் பார்த்து, கோடு வர வேண்டிய இடத்தில் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தில் ஊசியால் கீறினோம். ஊசியைப் பழைய பென்சில் கட்டையில் செருகி நூலால் இறுகக் கட்டிக்கொண்டால் பிடிக்க வசதி. ஒரே இழுப்பில் ஆழமாகக் கீறினால் ஊசி தடம் மாறும். எடையே கொடுக்காமல் நான்கைந்து முறை இழுக்க வேண்டும்.

அப்படியும் ஊசி வழுக்கத்தான் செய்தது. தாள் கிழிக்கும் மாணவன் கையில் வழுக்கியபோது அவன் முகம் வெளுத்துவிட்டது. இறக்கையின் குறுக்கே நீளமாக ஒரு கீறல். "போச்சு சார்" என்று கீழே வைத்துவிட்டான். நானும் எதுவும் சொல்லாமல், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எடுத்து வைத்தேன்.

நான்காம் வாரம்: தானே ஓடும் பசை

என் காலத்தில் குழாயில் வந்த கெட்டிப் பசைதான் எல்லாம். இப்போது பிளாஸ்டிக் மாதிரிகளுக்கென்றே தண்ணீர் போன்ற ஒட்டுத்திரவம் கிடைக்கிறது. இரு பாகங்களையும் முதலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பின் ஓரிடத்தில் தொட்டால் போதும். திரவம் இடுக்கு முழுவதும் தானே ஓடிப் பரவும். இதைப் பார்த்த மாணவர்கள் "இன்னொரு தடவ சார்" என்று கேட்டு மூன்று முறை செய்ய வைத்தார்கள். நுண்புழை ஏற்றம், பரப்பு இழுவிசை ஆகியவற்றை எட்டாம் வகுப்பில் கண்ணாடிக் குழாயை வைத்து விளக்குவோம். இங்கே அது ஒரு வேலையைச் செய்துகாட்டியது.

இது உண்மையில் பசையே அல்ல. இந்த மாதிரிகள் பாலிஸ்டைரீன் என்னும் பலபடியால் ஆனவை. திரவம் இரு பக்கங்களின் மேற்பரப்பையும் இளக்குகிறது. நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. திரவம் ஆவியான பின் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காகிவிடும். வாளி, தண்ணீர்ப் பாட்டில் மூடி போன்றவை பாலிஎதிலீன், பாலிப்ரொப்பிலீன் வகை என்பதால் அவற்றில் இந்தத் திரவம் பலிக்காது. இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக் காட்டினால், 'பிளாஸ்டிக்' என்பது ஒரே பொருளின் பெயரல்ல என்பது மாணவர்களுக்கு மறக்காது.

இடைவெளிகளை நிரப்பவும் இதே திரவம் உதவியது. பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் சட்டத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிறு கண்ணாடிப் புட்டியில் திரவத்தோடு போட்டு ஓர் இரவு வைத்தால் கூழாகிவிடும். அதுதான் நமக்குப் பட்டி. நன்றாகக் காய நான்கைந்து நாள் ஆகும். காய்ந்தபின் தேய்த்தால், நிரப்பிய இடமும் பழைய இடமும் ஒரே பொருள் என்பதால் வேறுபாடு தெரியாது.

இந்தக் கூழை முதலில் அந்த மாணவனிடம் கொடுத்து, அவன் போட்ட கீறலின் மேல் தடவச் சொன்னேன். அடுத்த வாரம் அவனே தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்து, "எங்க இருந்துச்சுன்னே தெரியல சார்" என்றான்.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: உள்ளே, வெளியே

உடலின் இரு பாதிகளையும் நான் அன்றே ஒட்டிவிட்டதால் விமானி அறைக்குள் வேலை செய்ய வழியில்லை என்று நினைத்தேன். இறக்கை பொருந்தும் அடிப்பக்கத் திறப்பு வழியாகச் செய்யலாம் என்று கண்டுபிடித்தது ஒரு மாணவி. பழைய பெட்டியில் இருந்தது வெறும் இருக்கை மட்டுமே. தயிர் டப்பா மூடியை வெட்டித் தரை, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளில் இருக்கைப் பட்டை, கறுப்பு அட்டையில் வெள்ளைப் பேனாவால் புள்ளி வைத்து அளவுமானிப் பலகை என்று அவர்களே செய்தார்கள். பட்டையின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்? நிஜத்தில் 5 சென்டிமீட்டர் என்று கொண்டால் இங்கே 0.7 மில்லிமீட்டர். கேட்காமலேயே 72-ஆல் வகுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இந்த வாரத்தில்தான் பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளரைப் பற்றிப் பேசினோம். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் ஒரு குறை இருந்தது. விமானி மூக்கைச் சட்டென்று கீழே தாழ்த்தினால் எரிபொருள் சீராகச் செல்லாமல் எஞ்சின் திணறும். புதிய எஞ்சின் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஷில்லிங், எரிபொருள் பாயும் வழியில் பொருத்தும் துளையிட்ட சிறு உலோகக் கட்டுப்படுத்தி ஒன்றை வடிவமைத்தார். 1941-இல் அவரும் அவருடைய குழுவினரும் விமானத் தளங்களுக்கே சென்று அதைப் பொருத்தினார்கள். குறை முழுவதும் தீரவில்லை. ஆனால் விமானங்கள் பறக்க முடிந்தது. இருப்பதைச் சிறிய மாற்றத்தால் மேம்படுத்துவதும் பொறியியல்தான் என்று புரிய வைக்க, அதிலும் மாணவிகளுக்குச் சொல்ல, இது நல்ல கதை.

வண்ணம் பூசுவதில் நான் கற்றது ஒன்றே: ஒரே தடவையில் மூடப் பார்க்கக் கூடாது. அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கலந்து, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று நான்கு முறை பூசினோம். மேலே பளபளப்பு வார்னிஷ். அது காய்ந்தபின், நீரில் கலந்த கரும்பழுப்பு வண்ணத்தில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்துத் தடவி, ஈரத்துணியால் துடைத்தோம். நாங்கள் கீறிய கோடுகளில் மட்டும் வண்ணம் தங்கியது. அந்த ஒரு சொட்டு சேர்க்காமல் செய்தபோது வண்ணம் முத்து முத்தாக உருண்டு நின்றது. பரப்பு இழுவிசையை விளக்க இதுவே போதும்.

ஏழாம் வாரம்: மஞ்சளான ஒட்டுப்படங்கள்

நீரில் ஊறவைத்து ஒட்டும் படங்கள் முப்பது ஆண்டுகளில் மஞ்சளாகியிருந்தன. முதல் வாரமே அந்தத் தாளை வெயில் படும் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தோம். ஆறு வார வெயிலில் மஞ்சள் பெருமளவு வெளுத்துவிட்டது. ஆனால் தேவையில்லாத சிறு படம் ஒன்றை முதலில் சோதித்தபோது, நீர் பட்டதும் துண்டு துண்டாக உடைந்தது. எனவே மற்றவற்றின் மேல் மெல்லிய வார்னிஷ் பூசிக் காயவிட்டு, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினோம். அவை முழுசாக வந்தன. எதையும் முதலில் தேவையற்ற துண்டில் சோதிக்க வேண்டும் என்பதை அன்று ஒரு மாணவன் தன் நோட்டில் விதியாகவே எழுதிக்கொண்டான்.

பிரித்தானிய விமானப் படையில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ஆம் அணியின் பெயரில் 'மதராஸ் மாகாணம்' என்பதும் சேர்ந்திருந்தது என்ற செய்தியைச் சமூக அறிவியல் ஆசிரியை வந்து சொன்னார். "நம்ம பேர் ஏன் சார் அவங்க விமானத்துல?" என்ற கேள்வி, காலனி நாடுகளில் திரட்டப்பட்ட போர் நிதி பற்றிய ஒரு முழுப் பாடவேளையாக மாறியது. போர்க் கருவியை மாதிரியாகச் செய்யும்போது போர் பற்றியும் பேச வேண்டும் என்பது என் கருத்து.

எட்டாம் வாரம்: என் கையால் ஒரு தவறு

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தது. விமானி அறையின் கண்ணாடி மூடி மட்டும் பாக்கி. மாணவர்கள் கையில் கொடுத்தால் நேரமாகும் என்று நானே உட்கார்ந்து, சட்டென்று ஒட்டும் பசையால் ஒட்டினேன். பத்து நிமிடத்தில் கண்ணாடி முழுவதும் பனி படர்ந்ததுபோல வெளுத்துவிட்டது. அந்தப் பசையின் ஆவி பக்கத்துப் பரப்பில் வெள்ளையாகப் படியும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் மறந்தேன். உள்ளே அவர்கள் செய்த இருக்கையும் பட்டையும் எதுவும் தெரியவில்லை.

காலையில் மாணவர்கள் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. பெட்டியிலேயே வைத்துவிட்டு வேறு ஏதாவது காட்சிக்கு வைக்கலாம் என்று நான் சொல்லப்போன நேரத்தில், அந்த மாணவன் முன்னால் வந்தான். "எடுத்துட்டுத் தேய்க்கலாம் சார். இறக்கைய தேய்ச்சோம்ல" என்றான்.

மூடியைக் கத்தி நுனியால் மெல்ல நெம்பி எடுத்தேன். தேய்ப்பது அவன் வேலை. முதலில் 2000 எண் ஈர உப்புத்தாள், பிறகு பருத்தித் துணியில் வெள்ளைப் பற்பசை. இரண்டு நாள் மதிய இடைவேளையும் அதிலேயே போயிற்று. பற்பசையில் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள் கீறல்களின் விளிம்பை மழுக்குகின்றன. கீறல் சிறிதாகச் சிறிதாக ஒளி சிதறுவது குறைந்து, கண்ணாடி தெளிகிறது. இந்த முறை காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையால் ஒட்டினோம். அது காய்ந்தால் நிறமற்றதாகும், ஆவியும் படியாது. ஒரு மூலையில் இலேசான மங்கல் மிச்சமிருக்கிறது. உற்றுப் பார்த்தால் தெரியும்.

இறக்கையின் அடியில் இருக்கும் என் விரல் ரேகையையும் பட்டி வைத்துத் தேய்த்துவிட எண்ணியிருந்தேன். மாணவர்கள் விடவில்லை. "அது இருக்கட்டும் சார், அது நீங்க எட்டாவது படிச்சப்ப வச்சது" என்றார்கள். அதன் மேலேயே வண்ணம் பூசினோம். கண்காட்சியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விமானத்தைத் திருப்பி அந்த ரேகையைத்தான் முதலில் காட்டினார்கள்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

1. ஒட்டுத்திரவத்தைச் சன்னல் திறந்த அறையில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே பயன்படுத்துங்கள். புட்டி எப்போதும் ஆசிரியர் பொறுப்பில் இருக்கட்டும். அருகில் தீ கூடாது.

2. கத்தி வேலை முழுவதும் ஆசிரியருடையது. தொடக்க வகுப்புகளில் ஊசியும் வேண்டாம். அளத்தல், படி எடுத்தல், வண்ணம் பூசுதல் ஆகியவையே அவர்களுக்குப் போதும்.

3. விமானப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. சக்கரம் போன பொம்மைப் பேருந்து, உடைந்த பூகோள உருண்டை, அறிவியல் அறையில் கிடக்கும் பழுதான மனித உடல் மாதிரி என்று எதுவும் ஆகும். பழையதாக, குறையோடு இருப்பதே முக்கியம். எனக்கு மொத்தச் செலவு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

4. 'முன்', 'பின்' குறிப்பேடு ஒன்று வைத்திருங்கள். என்ன தவறு நேர்ந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை மாணவர்களே எழுதட்டும். எங்கள் குறிப்பேட்டில் பதினேழு தவறுகள் பதிவாகியுள்ளன. அவற்றில் நான்கு என்னுடையவை.

5. நேரம் போதவில்லை என்று வேலையை நம் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கண்ணாடி மூடி இதற்குச் சாட்சி.

அந்த மாணவனின் கணக்கு மதிப்பெண் பெரிதாக ஏறிவிடவில்லை. பின்னக் கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வாங்கிய நோட்டைச் சென்ற வாரம் வாங்கிப் பார்த்தேன். தாள் எதுவும் குறையவில்லை. தவறான விடையின் மேல் அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு, அதற்குக் கீழே மறுபடி போட்ட கணக்கு. சில இடங்களில் அதுவும் தவறு. அதன் மேலும் ஒரு கோடு, அதற்குக் கீழே மூன்றாம் முறை.